மறுகால் எங்கே போகுது என்று கேட்கச் சொல்லிக்கொடு

வீரவநல்லூர்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. போனில் சொன்னால் 'சரிப்பா, சரிப்பா' என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

கல்லூரியில் சுற்றுச்சூழலும் நிலைத்தன்மையும் பாடம் நடத்துகிற வேலையை இந்த வருஷம் உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்றாய். 'ரெண்டு கிரெடிட் பேப்பர்ப்பா, பரீட்சைக்கு முந்தின ராத்திரி படிச்சே பாஸ் பண்ணிடுவாங்க' என்று நீ சொன்ன தோரணை எனக்குப் பிடிக்கவில்லை. 1991-ல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பாடமாக்கச் சொன்னது, பிறகு யுஜிசி எல்லாப் பட்டப்படிப்புக்கும் கட்டாயமாக்கியது, அண்ணா பல்கலைக்கழகம் 2021 பாடத்திட்டத்தில் நிலைத்தன்மையையும் பெயரில் சேர்த்தது, எல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் எழுதிப் பாஸானவர்கள் எத்தனை பேர்! அவர்களில் யாரோ போட்ட ரோடுதான் நம் குளத்து மறுகாலை, குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற வழியை, மறித்துக்கொண்டு கிடக்கிறது.

நீ போன தடவை வந்து போனதற்கு அப்புறம் போட்டது. மறுகால் ஓடைக்குக் குறுக்கே ரோடு, அடியில் ஒரே ஒரு சிமெண்ட் குழாய். குளம் பெருகி மறுகால் பாயும்போது தண்ணீரில் மிதக்கிற அமலைச் செடி அடித்துவந்து குழாயை அடைத்துக்கொள்கிறது. தண்ணீர் எதிர்த்துத் திரும்பி நம் வாழைக்குள் நிற்கிறது. குலை தள்ளுகிற நேரம் வேரில் தண்ணீர் கட்டினால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரோடு போட்ட இன்ஜினியரைக் கேட்கப் போனேன். சின்னப் பையன், மரியாதையாகத்தான் பேசினான். 'பிளான்ல உள்ள குழாய்தான் ஐயா போட்டிருக்கு' என்றான். ஐப்பசி கார்த்திகையில் இந்த ஓடையில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று ஊரில் யாரையாவது கேட்டீர்களா தம்பி என்றேன். பதில் இல்லை. ஓசோன் படலத்தைக் கேட்டிருந்தால் ஐந்து மார்க்குக்குச் சொல்லியிருப்பான்.

எந்த வேலையைக் கையில் எடுத்தாலும், இது எங்கிருந்து வருது, எங்கே போகுது, போகிற இடத்தில் யார் இருக்கா என்று கேட்கிற பழக்கம் உன் பிள்ளைகளுக்கு வரணும். வாய்ப்பாடு மாதிரி அது தானாக வரணும். ஒரு பேப்பரில் அடைத்து, ஒரு செமஸ்டரோடு மூட்டை கட்டினால் வராது. சிவில்காரனுக்குச் சிவில் பாடத்துக்குள்ளேயே, மெக்கானிக்கல்காரனுக்கு அவன் பம்புக்குள்ளேயே இது இருக்கணும்.

முதல் வகுப்பை பூமி சூடாவதில் ஆரம்பிக்காதே. உங்கள் வளாகம் 50 ஏக்கர் என்றாயே, அதில் ஆரம்பி. ஒரு ஏக்கரில் ஒரு செ.மீ. மழை பெய்தால் 40,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. பத்து செ.மீ. பெய்தால் 50 ஏக்கருக்கு இரண்டு கோடி லிட்டர். குடையைக் கொடுத்து வெளியே அனுப்பு. அந்தத் தண்ணீர் எந்த மூலையில் வெளியேறுது, கீழே யார் வீட்டு வாசலுக்குப் போகுது என்று பார்த்து எழுதிக்கொண்டு வரட்டும். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டியதே, செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டு நின்ற அந்த மழை, அதையும் பெருக்கட்டும். ஏக்கருக்கு 38 லட்சம் லிட்டர். தூத்துக்குடிப் பக்கம் வருஷம் முழுக்கப் பெய்வதே அவ்வளவு இருக்காது. நம் ஓடைக்குக் குழாய் போட்டவன் இந்தப் பெருக்கலைத்தான் செய்யவில்லை.

நம் ஊருக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொண்டுவருகிற கன்னடியன் கால்வாய்க் கதையை ஆச்சி உனக்குச் சொல்லியிருக்கிறாள். பசுவை முன்னே நடக்கவிட்டு அது போன தடத்தில் கால்வாய் வெட்டினார்கள், அது படுத்த இடமெல்லாம் குளம் என்று. நடந்ததோ இல்லையோ, மாடு மேய்த்தவனுக்கு ஒன்று தெரியும்: மாடு மேட்டில் ஏறி இறங்கிச் சிரமப்படாது, மட்டம் பார்த்துச் சுற்றித்தான் போகும். உங்கள் சர்வே வாத்தியார் போர்டில் சம உயரக் கோடு போடுகிற அன்றைக்கு இந்தக் கதையையும் சொல்லலாம். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டில் ஸ்ரீவைகுண்டம் ஒன்றுதான் வெள்ளைக்காரன் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை, இன்றைக்கும் தண்ணீர் திருப்புகின்றன.

எம்பிஏ பிள்ளைகளுக்கு ஆற்று மணலைக் கொடு. ஒரு லோடு மணலின் விலையில் டீசல் இருக்கும், கூலி இருக்கும். கரையோரக் கிணறு வற்றிய செலவு எந்த வரியில் வரும்? 2010-ல் நல்லகண்ணு ஐயா தொடுத்த வழக்கில்தான் மதுரை ஐகோர்ட் தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை போட்டது. அந்த வழக்கைப் படிக்கச் சொல். இலவச மின்சாரத்தின் செலவு எந்த வரியில் வரும் என்றும் கேட்கட்டும். நானும் அதில்தான் மோட்டார் ஓட்டுகிறேன், அதற்காகக் கேட்கக்கூடாது என்று இல்லை.

சிலபஸ் முடிக்கணுமே, மார்க் எப்படிப் போடுவது என்பாய். கொண்டுவந்த கணக்கைப் பார்த்துப் போடு. தப்பென்றால் மறுபடி ஓடைக்கே அனுப்பு. எல்லாம் தெரிந்தும் கையெழுத்துப் போடுகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள், அதற்கு உன் வகுப்பு மருந்தில்லை. தெரியாமல் போடுகிறவர்கள் குறைந்தாலே எங்களுக்குப் பாதி வாழை மிஞ்சும்.

பிசான நெல் அறுத்துக் கால்வாயை அடைத்த பிறகு, ஜூனில் கார் சாகுபடிக்குத் திறப்பதற்கு முன்னால் உன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா. அப்போதுதான் தரையும் மடையும் வெளியே தெரியும். நமக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவரைக் கல்லூரிக்குப் பேசக் கூப்பிட்டால் வரமாட்டார். மடையில் நின்று கேட்டால் எந்த வயலுக்கு எத்தனை நாழி, யாருக்கு முதல் முறை என்று பொழுது சாய்கிற வரை சொல்லுவார்.

பெண் பிள்ளைகள் நம் மாடியில் படுத்துக்கொள்ளலாம், பையன்களுக்குப் பள்ளிக்கூடத்தில் கேட்டு வைக்கிறேன். உங்கம்மா எல்லாருக்கும் சொதி வைக்கப் போகிறாளாம். தேங்காய்க்குச் சொல்லணும், எத்தனை பேர் என்று முன்னாடியே எழுது.

இப்படிக்கு,
அப்பா