பத்தியம் என்ற பெயரில் பட்டினி வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரசவமான பல வீடுகளில் இன்னமும் தாய்க்கு ரசமும் பூண்டுக் குழம்பும் மட்டும் கொடுத்து, பழம், கீரை, முட்டையைத் தள்ளி வைக்கிறார்கள். அப்புறம் குழந்தை அழுதால், “உன் பாலில் சத்து இல்லை” என்ற பழியும் அவள் மேல்தான்.

தாய் சரியாகச் சாப்பிடாவிட்டாலும் பாலில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை சுமார் 7 சதவீதம், புரதம் சுமார் 1 சதவீதம் என்ற அளவு பெரிதாக மாறாது. கால்சியமும் அப்படித்தான், அது தாயின் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுகிறது. ஆனால் பி1, பி12, ஏ வைட்டமின்கள், அயோடின், மூளை வளர்ச்சிக்கு வேண்டிய டிஎச்ஏ கொழுப்பு ஆகியவை தாயின் சாப்பாட்டைப் பொறுத்துக் கூடும், குறையும். தாய்க்கு பி12 மிகவும் குறைந்தால் குழந்தையின் நரம்பு மண்டலமே பாதிக்கப்படலாம். வீட்டில் மீன் குழம்பு கொதிக்கும்போது அவளுக்கு மட்டும் இல்லை என்பது எவ்வளவு பெரிய கொடுமை!

ஒரே வேளையிலும் பால் மாறுகிறது. முதலில் வருவது நீர்த்திருக்கும். போகப்போகக் கொழுப்பு கூடும். குறைமாதப் பிரசவமான தாயின் பாலில் ஆரம்ப வாரங்களில் புரதம் அதிகம். நிறத்தைப் பார்த்துப் பாலை மட்டம் தட்டி, பால் பவுடர் டப்பா வாங்க ஓடாதீர்கள்.

ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி போடும் நாளன்று, தாயுடன் மாமியாரையும் கணவரையும் உட்காரவைத்து இதை விளக்கிச் சொல்ல அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஒரு வாசகி, கும்பகோணம்