கல்யாண தஃப்தரை விசா அதிகாரியும் படிக்கிறார்: கடற்கரை ஊர் ஜமாஅத்துகளுக்கும் பங்குகளுக்கும் ஒரு திறந்த மடல்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரையுள்ள பள்ளிவாசல் ஜமாஅத் நிர்வாகிகள், கத்தீப்மார்கள், பங்குத்தந்தையர், கோயில் நிர்வாகத்தினர் அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும்.

மாப்பிள்ளை லண்டனிலோ டொரொன்டோவிலோ சிட்னியிலோ இருக்கிறார், பெண் ஊரில் இருக்கிறார். கல்யாணம் ஊரறிய நடந்தது. துணைவர் விசாவில் அழைத்துக்கொள்ள விண்ணப்பித்தால் சில மாதம் கழித்து, ‘இந்தத் திருமணம் உண்மையானது என்று எனக்கு நம்பிக்கை ஏற்படவில்லை’ என்று ஒரு கடிதம் வருகிறது. அப்படி வரும் கடிதங்களை வரிவரியாகப் படித்தால், குறை பல நேரம் தம்பதியிடம் இருக்காது, தாளில்தான் இருக்கும். அந்தத் தாள்களில் முதலாவதான தஃப்தர், அதாவது கல்யாணப் பதிவேடு, உங்கள் மேசையில் எழுதப்படுகிறது. அதனால்தான் இந்த மடல் தூதரகங்களுக்கு அல்ல, உங்களுக்கு.

அதிகாரி எதைத் தேடுகிறார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். பிரிட்டனில், உறவு உண்மையானதா, இன்னும் தொடர்கிறதா, இருவரும் நேரில் சந்தித்திருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். கனடாவில் மறுப்பதற்கு இரண்டில் ஒன்று போதும்: உறவு உண்மையல்ல என்று தோன்றினாலும் மறுக்கலாம், குடியேறுவதே முதல் நோக்கம் என்று தோன்றினாலும் மறுக்கலாம். ஆஸ்திரேலியா நான்கு பக்கமாகப் பார்க்கும்: பணப் பொறுப்பு, வீட்டு நிர்வாகம், ஊர் உறவு இவர்களை எப்படி அறிகிறது, ஒருவருக்கொருவர் கொண்டிருக்கும் பிடிப்பு. பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம் என்பதற்காக இந்த நாடுகள் எதுவும் மறுப்பதில்லை. அதை மறைத்து, கல்லூரியில் பார்த்துப் பழகியதாகக் கதை எழுதிக்கொடுக்கும் ஏஜென்டுகள் உண்டு. நேர்காணலில் அந்தக் கதைதான் முதலில் உடையும்.

இனி தஃப்தருக்கு வருவோம்.

பெயர். ‘கே. முகம்மது அலி, த/பெ காதர்’ என்று எழுதினால் ஊரில் எல்லோருக்கும் ஆள் தெரியும். பாஸ்போர்ட்டில் அதே ஆள் தந்தை பெயரைக் குடும்பப் பெயராக வைத்து ‘முகமது அலி காதர் மைதீன்’ என்று இருப்பார். இன்னொருவருக்குக் குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருக்கும். முகம்மது என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுத நம் ஊரிலேயே நாலைந்து விதம் உண்டு. தஃப்தரில் ஒரு விதம், சார்பதிவாளர் சான்றிதழில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் ஒரு விதம் என்று போனால் மூன்று ஆட்களாகிவிடும். ஆகவே நிக்காஹ்வுக்கு முன்பே இருவரின் பாஸ்போர்ட் நகலையும் வாங்கி, அதிலுள்ள எழுத்துக்கூட்டலை அப்படியே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதுங்கள். பக்கத்தில் பாஸ்போர்ட் எண். வீட்டில் கூப்பிடும் பெயரை வேண்டுமானால் ‘என்கிற’ போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். பிறந்த தேதியையும் அதிலிருந்தே எடுங்கள். ‘வயது சுமார் 20’ என்ற பதிவு எதற்கும் உதவாது. பிரிட்டனும் கனடாவும் இரு தரப்புக்கும் 18 நிறைந்திருக்க வேண்டும் என்று கேட்கின்றன.

தேதி. இங்கேதான் நம் பழக்கமும் அவர்கள் கட்டமும் முட்டிக்கொள்கின்றன. வியாழன் சூரியன் மறைந்து மக்ரிப் தொழுகைக்குப் பிறகு நடந்த நிக்காஹ்வை நாம் வெள்ளி இரவு என்போம். இஸ்லாமிய நாட்காட்டியான ஹிஜ்ரியின் தேதியும் அப்போதே மாறிவிடும். தஃப்தரில் ஹிஜ்ரி தேதியும் வெள்ளிக்கிழமையும் இருக்க, அழைப்பிதழில் வியாழனுக்குரிய ஆங்கிலத் தேதி இருக்கும். பிறை கணக்கில் ஒரு நாள் வித்தியாசம் வேறு. மொழிபெயர்ப்பாளர் ஏதோ ஒன்றை வைத்து ஆங்கிலத் தேதி போடுவார், கல்யாணம் இரண்டு தேதிகளில் நடந்ததாகிவிடும். ஆங்கிலத் தேதி, கிழமை, மணி மூன்றையும் முதலில் எழுதிவிட்டு ஹிஜ்ரியைக் கீழே எழுதுங்கள். இந்துக் கல்யாணங்களிலும் இதே சிக்கல்தான்: முந்தின நாள் மாலை வரவேற்பு, மறுநாள் விடியலில் முகூர்த்தம், அழைப்பிதழில் தமிழ்த் தேதி. விண்ணப்பத்தில் கேட்பது தாலி கட்டிய தேதியை. பலர் பதிவு அலுவலகத்துக்குப் போன தேதியை எழுதிவிடுகிறார்கள்.

அடுத்தது, எங்கள் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரியது: பெண் எங்கே இருந்தாள் என்பது. நம் பக்கத்து நிக்காஹ்வில் பள்ளிவாசலிலோ பந்தலிலோ மாப்பிள்ளையும் வலியும் (பெண்ணின் பொறுப்பாளர்) இரண்டு சாட்சிகளும் உட்காருவார்கள். பெண் வீட்டுக்குள் இருப்பாள். மார்க்கப்படி அதில் குறையே இல்லை. ஆனால் கனடா 2015 ஜூன் முதல், மணமக்களில் ஒருவர் நேரில் இல்லாமல் ஆள் வைத்தோ தொலைபேசியிலோ இணையத்திலோ முடிக்கும் திருமணத்தைத் துணைவர் விசாவுக்கு ஏற்பதில்லை. அமெரிக்கா அப்படிப்பட்ட திருமணத்தை, அதற்குப் பிறகு இருவரும் தாம்பத்தியமாகச் சேர்ந்திருந்தால்தான் கணக்கில் எடுக்கும். தஃப்தர் பக்கத்தில் பெண்ணுக்காக வாப்பாவின் கையெழுத்து மட்டும் இருந்தால், மகள் அடுத்த அறையில் இருந்தாளா அடுத்த நாட்டில் இருந்தாளா என்று அதிகாரிக்கு எப்படித் தெரியும்? பெண்ணின் சம்மதம் கேட்கப் போகிறவர்கள் கையோடு தஃப்தரையும் எடுத்துப் போய் அவள் கையெழுத்தையே வாங்குங்கள். ‘மணமகள் இன்ன தெரு, இன்ன வீட்டில் நேரில் இருந்தார். இன்ன மணிக்கு இன்னார் முன்னிலையில் சம்மதம் தெரிவித்துக் கையொப்பமிட்டார்’ என்று ஒரு வரி சேருங்கள். இந்த ஒரு வரிக்காக மேல்முறையீடு வரை போன குடும்பங்கள் இருக்கின்றன.

சவூதியிலோ துபாயிலோ லீவு கிடைக்காத மாப்பிள்ளைக்குப் போனில் நிக்காஹ் முடித்துவைக்கும் பழக்கத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். அந்த மாப்பிள்ளை நாளை கனடாவில் குடியுரிமை எடுத்து மனைவியை அழைத்தால் அந்த நிக்காஹ் நிற்காது. முடித்துவைக்குமுன் இரு வீட்டாரிடமும் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டிய கடமை ஜமாஅத்துக்கு உண்டு.

வீடு. கீழக்கரை மரைக்காயர் குடும்பங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார், பெண்ணுக்கு வீடு கொடுக்கிறோம். இது நமக்குச் சாதாரணம். விண்ணப்பப் படிவமோ மனைவி கணவன் வீட்டுக்குப் போவதாக எண்ணிக்கொண்டு கேள்வி கேட்கிறது. மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டிலும் ஆதாரிலும் அவர் தாய் வீட்டு முகவரி, பெண்ணுடையதில் அவள் தாய் வீட்டு முகவரி. கல்யாணத்துக்குப் பிறகும் இரண்டும் மாறவில்லை. ‘இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்ததற்கு ஆதாரம் இல்லை’ என்று எழுதிவிடுகிறார்கள். ஜமாஅத் கடிதத்தாளில் இந்த வழக்கத்தை நான்கு வரியில் விளக்கி, ‘இன்னார் திருமண நாள் முதல் ஊரில் இருக்கும்போதெல்லாம் மனைவியின் இன்ன முகவரி வீட்டில்தான் தங்குகிறார்’ என்று எழுதிக்கொடுங்கள். ஆதார் முகவரியை மாற்ற முடிந்தவர்கள் மாற்றிக்கொள்ளட்டும்.

ஜமாஅத் கடிதம் என்றதும், இப்போது வழக்கத்தில் இருக்கும் கடிதத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ‘இன்னார் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்தவர், நல்லொழுக்கம் உள்ளவர், இவர் கேட்கும் உதவியைச் செய்யவும்’ என்று அச்சடித்து வைத்து, பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கிறோம். ஒரே விண்ணப்பத்தில் மாமா, சித்தப்பா, ஜமாஅத் தலைவர் மூவரின் கடிதமும் எழுத்துப்பிழை உட்பட ஒன்றாக இருந்தால் அவை பக்கபலம் ஆகாது, பாரம்தான். நல்ல கடிதம் வேறு மாதிரி இருக்கும். எழுதுபவர் யார், என்ன பொறுப்பில் இருக்கிறார், இரு குடும்பத்தையும் எத்தனை வருடமாக அறிவார், நிக்காஹ்வில் அவரே இருந்தாரா, அதன் பிறகு இருவரையும் சேர்த்து எப்போது எங்கே பார்த்தார், தஃப்தரில் வரிசை எண்ணும் பக்க எண்ணும் என்ன. கீழே தேதி, முத்திரை, எடுத்துப் பேச ஆள் இருக்கும் ஒரு கைபேசி எண். சரிபார்க்கக் கூப்பிடும்போது ‘அப்படி யாரையும் தெரியாதே’ என்று அலுவலகப் பையன் சொல்லிவிட்டால் கோப்பு அங்கேயே படுத்துவிடும்.

போட்டோ. ஆண் பக்கம் பெண் பக்கம் தனித்தனியாக நடக்கும் கல்யாணத்தில் தம்பதி சேர்ந்திருக்கும் படம் ஒன்றுகூட இல்லாமல் போகிறது. இருப்பதோ ஸ்டுடியோக்காரர் மணமக்களைத் தாஜ்மகாலுக்கு முன்னால் ஒட்டிவைத்த ஆல்பம். அது வீட்டு அலமாரிக்கு அழகு, கோப்பில் சந்தேகம். கையெழுத்தாகும் நேரத்தில் தஃப்தருடன் ஒரு படம், வீட்டுக்குள் மணமக்களோடு இரு பக்கப் பெற்றோரும் நிற்கும் ஒரு படம், இவை இரண்டையும் அனுமதியுங்கள். ஒட்டு வேலை செய்யாத மூலப் படங்களில் இருபது போதும், பின்னால் யார், எங்கே, எந்த நாள் என்று எழுதி.

மற்ற சான்றுகள் தம்பதியின் வேலை. ஆனாலும் உங்களிடம் வந்து கேட்பார்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறோம். வாட்ஸாப் பேச்சை முழுதாக அச்சடித்து மூட்டை கட்ட வேண்டாம். மாதத்துக்கு இரண்டு மூன்று பக்கம், தேதி தெரியும்படி, தமிழில் இருப்பதற்கு மொழிபெயர்ப்புடன். மொழிபெயர்த்தவர் பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு முகவரி இருக்க வேண்டும். கனடாவுக்குக் குடும்பத்தினர் மொழிபெயர்க்கக் கூடாது. பணம் மனைவியின் சொந்த வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். வங்கி வழியில்லாமல் உண்டியலில் (ஹவாலா) வரும் பணம் சட்டத்துக்கும் புறம்பு, சான்றாகவும் நிற்காது. மாமனார் கணக்குக்கு அனுப்பியது மாமனாருக்கு உதவியதாகத்தான் படிக்கப்படும்.

பதிவு. நிக்காஹ் நாமா (திருமண ஒப்பந்தத் தாள்) இருக்கிறதே, சார்பதிவாளர் எதற்கு என்று இன்னும் சில பெரியவர்கள் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா மதத்தாரின் திருமணமும் 90 நாளுக்குள் பதிவாக வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். அதையும் விட்டவர்களைச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதியச் சொல்லி அனுப்புகிறார்கள். அதற்கு 30 நாள் அறிவிப்பு உண்டு. அதைவிட முக்கியம், அப்படிப் பதிந்தால் முஸ்லிம் தம்பதியின் சொத்து வாரிசுரிமை இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் போய்விடும். விசாவுக்காக அவசரத்தில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. நிக்காஹ் முடிந்த வாரமே பதிவுக்கு அனுப்பிவைத்தால் இந்தத் தொல்லையே வராது.

முந்தைய திருமணம். மணவிலக்குக்குப் பின் மறுமணம் என்றால் முதல் திருமணம் முடிந்ததற்கு நீதிமன்ற ஆணைதான் நிற்கும். குலா, அதாவது மனைவி கேட்டுப் பெறும் மணவிலக்குச் சான்றிதழைத் தனியார் அமைப்புகள் வழங்க முடியாது, பெண் குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2023இல் சொல்லிவிட்டது. ஜமாஅத் முத்திரையிட்ட மணவிடுதலைக் கடிதத்தை மட்டும் நம்பி இரண்டாவது நிக்காஹ்வை எழுதாதீர்கள்.

பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர் பங்குகளுக்கு: ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பாஸ்போர்ட் பெயர் வேறொன்று என்பதுதான் உங்கள் பக்கத்துப் பெரிய சிக்கல். திருமணப் பதிவேட்டில் இரண்டையும் எழுதுங்கள். மூன்று ஞாயிறு கோயிலில் திருமண அறிவிப்பு ஓலை வாசித்த தேதிகளையும் சான்றில் சேர்த்துக் கொடுத்தால், கல்யாணம் ஒளித்து நடக்கவில்லை என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. கோயில் நிர்வாகத்தினருக்கு ஒன்று மட்டும்: தாய்மாமனுக்கு அக்காள் மகளைக் கட்டிவைப்பது நம் வழக்கத்தில் முறை, இந்துத் திருமணச் சட்டமும் வழக்கம் இருந்தால் அனுமதிக்கிறது. பிரிட்டன் அதை விலக்கப்பட்ட உறவு என்று விசாவை மறுக்கும். மாப்பிள்ளை லண்டன் என்றால் முகூர்த்தத்துக்கு முன்பே எச்சரித்துவிடுங்கள்.

கடைசியாக, யாராவது வந்து கல்யாணத் தேதியை மூன்று மாதம் முந்தியதாகப் போட்டுத்தரச் சொன்னால் முகத்துக்கு நேரே மறுத்துவிடுங்கள், நெருங்கிய சொந்தமாக இருந்தாலும். பொய்த் தாள் என்று தெரிந்தால் கனடா 5 வருடம் தடை போடும். விசாவுக்காகவே செய்த போலித் திருமணம் என்று அமெரிக்கா முடிவு கட்டினால், அந்த ஆளுக்காகப் பிற்காலத்தில் யார் மனுக் கொடுத்தாலும் ஏற்காது. தஃப்தரில் வெள்ளை மை பூசித் திருத்தவும் வேண்டாம். தவறான வரியை ஒரு கோட்டால் அடித்து, சரியானதை மேலே எழுதி, திருத்தியவரும் சாட்சிகளும் சுருக்கொப்பமிட்டால் போதும்.

மேலே சொன்ன கட்டங்களெல்லாம் அடங்கிய தஃப்தர் பக்கம் ஒன்றையும், கடிதத்தில் வர வேண்டிய விவரங்களை ஒரு தாளிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருக்கிறோம். கேட்கும் நிர்வாகத்துக்குக் காசில்லாமல் தருகிறோம். நோன்புப் பெருநாள் கழிந்ததும் ஷவ்வாலில் கல்யாணங்கள் அடுத்தடுத்து வரும். புதிய தஃப்தர் அச்சுக்குக் கொடுப்பதாக இருந்தால் அதற்குள் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
துணைவர் விசா விண்ணப்பங்களைத் தயார்செய்து கொடுக்கும் கடற்கரை ஊர்க்காரர்கள் சிலர்