2147483647: பகா எண் என்பதற்காகவா எல்லை ஆனது?

ஆசிரியருக்கு வணக்கம்.

2038ஆம் ஆண்டுச் சிக்கல் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணிவரும் பழைய 32 பிட் (பிட் என்பது 0 அல்லது 1 மட்டும் எழுதக்கூடிய ஓர் இடம்) கடிகாரக் கணக்கு, 2038 ஜனவரி 19 அன்று 2147483647-ஐத் தொட்டதும் தடுமாறும் என்பதைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் போகிற போக்கில், இது பகா எண் என்பதால்தான் எல்லையாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒரு வரி வருகிறது. அது சரியில்லை.

யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. 32 பிட்டில் ஒன்று கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விடும். மிச்சமுள்ள 31 இடங்களிலும் 1 போட்டு, இரும முறையில் (0, 1 மட்டும் கொண்டு எழுதும் முறையில்) படித்தால் வருவது இந்த எண், அவ்வளவுதான். 16 பிட்டுக்கு இதே கணக்குப் போட்டால் 32767 வரும். அது 7 × 31 × 151. 64 பிட்டின் எல்லையும் 7-ஆல் வகுபடும். இந்த வகை எண் பகா எண்ணாக வேண்டுமானால், முதலில் இடங்களின் எண்ணிக்கை பகா எண்ணாக இருக்க வேண்டும். 15-உம் 63-உம் அங்கேயே அடிபட்டுப் போகின்றன. அதுவும் போதாது: 11 பகா எண்தான், ஆனால் பதினொரு ஒன்றுகள் தரும் 2047 என்பது 23 × 89.

31 தேறியதை 1772-இல் காட்டியவர் கணித மேதை ஆய்லர். அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறைய முழுதும் போயிருந்தது. இதன் வர்க்கமூலம் 46340-ஐச் சற்றே தாண்டும். வகுஎண் இருக்கிறதா என்று அதுவரை தேடினால் போதும்; ஆனால் அதற்குள்ளேயே 4,700-க்கும் மேற்பட்ட பகா எண்கள் உண்டு. எல்லாவற்றாலும் வகுத்துப் பார்ப்பது யாரால் ஆகும்? இதற்கு ஒரு வகுஎண் இருந்தால் அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வந்தே தீர வேண்டும் என்று அவர் கண்டுகொண்டார். அந்தச் சல்லடையில் 46340-க்குள் தேறும் பகா எண்கள் வெறும் 84. எனக்கு இந்த எண்ணைவிட இந்தச் சல்லடைதான் பெரிய அதிசயம்.

பகா எண் என்ற குணம் கணினியில் நிஜமாகவே உதவியது வேறோர் இடத்தில். ஓர் எண்ணை 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, மீதியை எடுத்துக்கொண்டு மறுபடி அதையே செய்தால், 1 முதல் 2147483646 வரை எல்லா எண்களும் ஒவ்வொரு முறை வந்த பிறகுதான் சுழற்சி திரும்பும். தற்போக்கு எண்களை (ஒழுங்கின்றி வருவதுபோல் தோன்றும் எண்களை) உருவாக்க இதை 1988-இல் பார்க், மில்லர் இருவரும் பரிந்துரைத்தார்கள். கட்டுரையில் இது இடம்பெற்றிருக்கலாம்.

இந்தப் பகா எண்ணிலிருந்து 2305843008139952128 என்ற செவ்விய எண்ணும் கிடைக்கிறது (6 = 1 + 2 + 3 போல, தன்னைத் தவிர்த்த தன் வகுஎண்களின் கூட்டுத்தொகையாகவே அமைவது). இதைவிடப் பெரியது ஒருபோதும் கண்டுபிடிக்கப்படாது, பயனில்லாத வேலைக்கு யார் மெனக்கெடுவார்கள் என்று 1811-இல் எழுதினார் ஆங்கிலேயக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ. 1876-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா 39 இலக்கப் பகா எண் ஒன்றை நிறுவி, அதையும் தாண்ட வழி செய்துவிட்டார்.

அப்புறம் இன்னொன்று. ஐந்து ஒன்றுகள் 31-ஐத் தரும். 31 ஒன்றுகள் நம் எண்ணைத் தரும். மூன்றும் பகா எண்கள். அப்படியானால் 2147483647 ஒன்றுகளை வரிசையாகப் போட்டால்? சங்கிலி அங்கே அறுகிறது. அந்த ராட்சத எண்ணை 295257526626031 மீதியின்றி வகுக்கும். வகுஎண்ணில் 1 குறைத்தால் அது ஒன்றுகளின் எண்ணிக்கையால் வகுபட வேண்டும் என்பது ஆய்லரின் சல்லடைக்கு அடியில் இருந்த விதி (248 என்பது 8 × 31). அதே விதி இங்கும் பொருந்துகிறது: இந்த வகுஎண்ணில் 1 குறைத்து 2147483647-ஆல் வகுத்தால் சரியாக 137490.

இப்படிக்கு,
ஒரு வாசகர்