உன் கையெழுத்து வேண்டும்

அன்புள்ள குமரேசா,

நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே எல்லாரும் சௌக்கியம். வாட்ஸ்அப்பில் சொன்னால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

பிளாட்டர் ஓடிவிட்டதடா! பேனாவைப் பிடித்துக்கொண்டு தானாகத் தாளில் கோடு போடுகிறது. பேனா பிடி, பேரிங் கூடு எல்லாம் த்ரீடி பிரிண்டரில் எடுத்தவை. கம்பி, ஆர்டுயினோ என்கிற கட்டுப்பாட்டுப் பலகை, படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார் எல்லாம் ரிச்சி தெருவில் வாங்கினேன். மோட்டார் தாங்கியை பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் எடுக்காதே, 60 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும் என்று பாண்டி அண்ணன் முன்பே எச்சரித்திருந்தார். அதை மட்டும் இன்னும் சூடு தாங்கும் பி.இ.டி.ஜி. பிளாஸ்டிக்கில் எடுத்தேன்.

கணக்கு கேட்பாய், சொல்லிவிடுகிறேன். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி. மோட்டாரை ஓட்டும் டிரைவர் சிப் ஒவ்வொரு படியையும் 16 ஆகப் பிரிப்பதால் 3200. அந்த ஒரு சுற்றில் 20 பல் புல்லி பெல்ட்டை 40 மி.மீ. இழுக்கும். ஆக, ஒரு மில்லிமீட்டருக்கு 80 படி. இவ்வளவு நுணுக்கம் இருந்தும் பெல்ட் லேசாகத் தொய்ந்தால் போச்சு, வட்டம் தொடங்கிய இடத்துக்கு வந்து சேராது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கணினி எழுத்துருக்கள் பெரும்பாலும் ஓரக்கோட்டால் ஆனவை. ‘அ’ போடச் சொன்னால் பேனா அதன் ஓரத்தைச் சுற்றி வருகிறது, உள்ளே வெறும் கூடு. 1967லேயே அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் ஹெர்ஷி என்பவர் ஒற்றைக்கோட்டு எழுத்துகள் அமைத்துவிட்டார். அதில் கிரேக்கம் உண்டு, ரஷ்யன் உண்டு, ஜப்பானியம்கூட உண்டு. தமிழ் இல்லை. வளைந்து வளைந்து ஒரே இழுப்பில் ஓடும் நம் எழுத்தை இந்த இயந்திரம் கூடு கூடாகப் போடுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அதனால் நீ எழுதித் தர வேண்டும். மெஸ் போர்டில் ‘கொழுக்கட்டை’ எழுதிய அதே கை. வார்டனே அழிக்க மனசு வராமல் ஒரு வாரம் விட்டுவைத்தாரே! 247 எழுத்தும் வேண்டாம். உயிர் 12, ஆய்தம், அகரமேறிய மெய் 18. கி, கீ, கு, கூ வரிசைகள் எழுத்தோடு ஒட்டி ஓடுவதால் அவற்றைத் தனித்தனியாகவே எழுத வேண்டும், அது 72. கால், இரண்டு கொம்பு, ஐகாரக் குறி, புள்ளி என்று ஐந்து. மொத்தம் 108. மற்றதையெல்லாம் நான் இணைத்துக்கொள்வேன். ஜ, ஷ, ஸ, ஹ அப்புறம் பார்க்கலாம்.

எழுதும்போது கையை வீடியோ எடு. ‘ழ’வை எங்கே தொடங்குகிறாய், ‘ஞ’வில் எங்கே பேனாவைத் தூக்குகிறாய் என்று தெரிந்தால்தான் பேனாவைத் தூக்கி இறக்கும் சர்வோ மோட்டாருக்குச் சொல்ல முடியும். தேவையில்லாமல் தூக்கி இறக்கினால் அந்த இடத்தில் மை பொட்டாகத் தேங்கிவிடுகிறது.

கோடு போடாத தாள், கறுப்பு மை. மெதுவாகவே எழுது, ஆனால் அழகுபடுத்தாதே. உன் வழக்கமான கையெழுத்துதான் வேண்டும்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செல்வம்