பால் ஏன் மாறுகிறது, முட்டை ஏன் குறைகிறது: மழைக்காலத்துக்கு முன் ஒரு மடல்

எங்கள் பண்ணையிலிருந்து பால், தயிர், நெய், முட்டை, கறி வாங்கும் அனைவருக்கும் வணக்கம்.

ஐப்பசி பிறந்துவிட்டது. காங்கேயம், தாராபுரம் பக்கத்து மேட்டாங்காடுகளுக்கு மழை என்று சொல்லத்தக்கது இனிமேல்தான். கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், கொழுக்கட்டைப் புல் தளிர்க்கும். வெள்வேல மரத்தடியில் நெருஞ்சியும் கோரையும் சேர்ந்து முளைக்கும். மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு, கோழி, வாத்து எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிற சிறு பண்ணையில், எல்லாவற்றின் தீனியும் உடம்பும் ஒரே சமயத்தில் மாறும். அந்த மாற்றம் உங்கள் வீட்டுப் பால் பாத்திரம் வரை வரும். என்ன மாறும், எதனால் மாறும், வீட்டில் என்ன செய்யலாம் என்பதை முன்கூட்டியே எழுதிவிடுகிறோம்.

முதலில் பால். ஐப்பசி, கார்த்திகையில் அதிகம் வருகிற கேள்வி, "பால் தண்ணியா இருக்கே?" என்பதுதான். பாலின் கொழுப்பு மாட்டின் முதல் வயிற்றில் நார் புளிப்பதிலிருந்து உண்டாகிறது. சோளத்தட்டும் வைக்கோலும் தின்கிற மாதங்களில் நார் அதிகம், கொழுப்பும் ஏறும். மழைக்குப் பிறகு வரும் இளம்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர்தான். மாடு வயிறு நிறைய மேய்ந்தும் நார் போதாது. அப்போது பாலின் அளவு கூடும், கொழுப்பு இறங்கும், ஏடு மெலியும். இதைச் சமாளிக்க, காட்டுக்கு ஓட்டும் முன் ஒவ்வொரு கறவைக்கும் 3 கிலோ சோளத்தட்டு நறுக்கிப் போட்டுவிடுகிறோம். பசும்புல்லுக்கு மாற்றுவதையும் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகவே செய்கிறோம். ஒரே நாளில் மாற்றினால் சாணம் கழியும், வயிறு உப்பும், பாலும் படுத்துவிடும். இத்தனை செய்தாலும் கோடைப் பாலின் ஏடு இப்போது வராது.

இயல்பாக மெலிந்த பாலுக்கும் தண்ணீர் கலந்த பாலுக்கும் வேறுபாடு உண்டு. புல்லினால் மெலிந்தால் கொழுப்பு மட்டும் குறையும். கொழுப்பு நீங்கிய மற்றத் திடப்பொருள் அநேகமாக அப்படியே நிற்கும். தண்ணீர் கலந்தால் இரண்டும் சேர்ந்து இறங்கும். பசும்பாலுக்கு அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு கொழுப்பு 3.2 விழுக்காடு, மற்றத் திடப்பொருள் 8.3 விழுக்காடு. வீட்டில் பாலின் அடர்த்தி பார்க்கும் பால்மானி வைத்திருப்பவர்கள் கறந்த சூடு ஆறி, நுரை அடங்கிய பிறகு பாருங்கள். பசும்பால் பெரும்பாலும் 28க்கும் 32க்கும் இடையில் நிற்கும். ஆனால் பால்மானியை மட்டும் நம்பவும் வேண்டாம். ஏட்டை எடுத்துவிட்டுத் தண்ணீர் சேர்த்தால் அதே அளவைக் காட்ட வைக்க முடியும். சந்தேகம் வந்தால் ஒரு பாட்டிலை மூடியபடியே திருப்பிக் கொடுங்கள். கொழுப்பும் திடப்பொருளும் அளக்கும் கருவியில் உங்கள் முன்னாலேயே பார்த்துவிடலாம்.

வாசனை பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் சின்ன வெங்காயம் அறுவடையாகும்போது வெங்காயத் தாள் சும்மா கிடைக்கும். மாடுகளும் ஆசையாய்த் தின்னும். கறப்பதற்கு முந்தைய நாலைந்து மணி நேரத்துக்குள் தின்றால் அந்த வாடை பாலில் ஏறிவிடும். கறந்து முடித்த பின்பு கொஞ்சமாகப் போட்டால் அடுத்த கறவைக்குள் வாடை போய்விடும். அளவு மீறினால் வெங்காயம் மாட்டின் ரத்தச் சிவப்பணுக்களை அழித்துச் சோகை பிடிக்க வைக்கும் என்பதால், வண்டி வண்டியாகக் கிடைத்தாலும் நாங்கள் வாங்குவதில்லை.

காங்கேயம் மாட்டுப் பால் கேட்டு ரொம்ப நாளாகக் காத்திருப்பவர்களுக்கு: இது ஏருக்கும் வண்டிக்கும் என்றே வளர்த்த இனம். நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர்தான் கறக்கும். கன்று ஊட்டாமல் சுரப்பு விடாது. நாலு காம்பில் ஒன்றைக் கன்றுக்கே விட்டுவிடுகிறோம். அதனால் ஒரு மாடு ஒன்றிரண்டு வீட்டுக்குத்தான் எட்டும். எருமைப் பால் வாங்குபவர்களுக்கு இது நல்ல பருவம். எருமைகள் பெரும்பாலும் மழையையும் பனியையும் ஒட்டித்தான் ஈனும். ஆகவே தை வரை கெட்டித் தயிருக்குக் குறைவிருக்காது.

மழை நாளில் பால் வண்டி அரை மணி நேரம் பிந்தலாம். சேற்றில் படுத்த மாட்டின் மடியைக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்த பிறகே கறக்க வேண்டும். மடியில் ஈரம் நின்றால் அது வடிந்து நேராகக் கறவைச் செம்பில்தான் விழும். சுரப்பு விட்டபின் ஐந்திலிருந்து ஏழு நிமிடத்துக்குள் கறந்து முடிக்க வேண்டும். நடுவில் எழுந்தால் மீதிப் பால் மடியிலேயே நின்றுவிடும். காலை நாலரையிலிருந்து ஆறு வரை நாங்கள் தொலைபேசி எடுக்காததற்கு இதுதான் காரணம்.

ஒவ்வொரு காம்பிலும் முதல் பீச்சுப் பாலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்ப்போம். திரிதிரியாக நின்றால் மடிநோயின் தொடக்கம். அந்த மாட்டைக் கடைசியில் கறந்து, பாலைக் கொட்டிவிடுவோம். முதலில் கறந்தால் அதே கை நோயை மற்ற மாடுகளுக்கும் கொண்டு போகும். கறந்த பிறகு அரை மணி நேரமாவது காம்புத் துளை திறந்தே இருக்கும் என்பதால், அந்த நேரத்தில் மாடு படுத்துவிடாதபடி தீனி வைத்து நிற்க வைப்பதும் முக்கியம். ஆரம்ப நிலைக்கு, சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் மூன்றையும் அரைத்தால் சிவந்து வரும் விழுது. அதில் ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் கரைத்து, மடியைக் கழுவி, பாலை ஒட்டக் கறந்துவிட்டு, நாளைக்கு எட்டுப் பத்து முறை மடி முழுக்கப் பூசுகிறோம். ஐந்து நாள் பூச வேண்டும். காய்ச்சலோ பாலில் ரத்தமோ கண்டால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவர்தான். ஊசி போட்ட மாட்டின் பால், மருந்துப் பெட்டியில் போட்டிருக்கும் நாள் கணக்கு முடியும் வரை கேனில் சேராது. சேர்ந்தால் முதலில் காட்டிக் கொடுப்பது உங்கள் தயிர்தான். மருந்து கலந்த பாலில் உறை பிடிக்காது.

அதற்காக மார்கழியில் தயிர் உறையாத ஒவ்வொரு நாளும் மருந்தென்று பயப்பட வேண்டாம். குளிர் ஒரு பெரிய காரணம். கோடையில் கை பொறுக்கும் சூட்டில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி உறை போதும். இப்போது கொஞ்சம் கூடுதல் சூட்டில், 42 பாகை அளவில், இரண்டு தேக்கரண்டி விட்டு, பாத்திரத்தைத் துணி சுற்றி மூடி, அடுப்பு மேடையில் வையுங்கள். அப்படியும் பத்து மணி நேரத்தில் உறையாமல் பாலாகவே நின்றால் அன்றே சொல்லுங்கள்.

நாங்கள் தருவது காய்ச்சாத பால். பச்சையாகக் குடிக்கவே கூடாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கட்டாயமாகக் கூடாது. மாட்டுக் காசநோய்க் கிருமியும் கருச்சிதைவு நோய்க் கிருமியும் பால் வழியே மனிதருக்கு வரும். பொங்கி வந்தபின் அடுப்பைக் குறைத்து இரண்டு மூன்று நிமிடம் கிளறி இறக்குங்கள். வந்தவுடனே காய்ச்ச முடியாவிட்டால் குளிர்பெட்டியின் கதவில் வைக்காமல் உள்ளே பின்பக்கமாக வையுங்கள். கதவுப் பக்கம் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

சீம்பால் கேட்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். கன்றுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி தாய் வயிற்றில் கிடைப்பதில்லை; சீம்பால் வழியேதான் வருகிறது. அதை உறிஞ்சிக்கொள்ளும் திறன் குடலுக்கு ஏறக்குறைய ஒரு நாள்தான். 20 கிலோ கன்றுக்கு இரண்டு லிட்டர் முதல் நாளிலேயே போக வேண்டும், அதுவும் முதல் பங்கு இரண்டு மணி நேரத்துக்குள். மீந்தால்தான் உங்களுக்கு. ஈன்ற ஐந்து நாள் வரையிலான பாலைப் பொதுக் கேனில் ஊற்றுவதில்லை. கொஞ்சம் கலந்தாலும் காய்ச்சும்போது மொத்தமும் திரிந்துபோகும்.

முட்டைக்கு வருவோம். நாட்டுக்கோழி பன்னிரண்டு பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாள் அடை, பிறகு இரண்டு மாதம்போலக் குஞ்சு வளர்ப்பு. அந்தக் காலம் முழுவதும் முட்டை கிடையாது. இதோடு இப்போது இறகு உதிர்க்கும் பருவமும் சேர்ந்துகொள்கிறது. இறகு முழுக்கப் புரதம். புதிய இறகு முளைக்கிற வரை கோழியின் புரதமெல்லாம் அங்கேதான் போகும். பகல் குறைவதும் ஒரு காரணம். ஆனால் நம் பக்கத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம் என்பதால் அது சிறிய காரணமே. விளக்கு போட்டு முட்டையை இழுக்கும் வழி உண்டு. இறகு உதிர்க்கிற கோழியை அப்படி வருத்த எங்களுக்கு மனமில்லை. கரையான், கருவாட்டுத் தூள், கடலைப் புண்ணாக்கு கூட்டித் தருகிறோம். தையில் முட்டை திரும்பும்.

இந்த மாதங்களில் அடையும் வைப்பதில்லை. ஈரக் குளிரில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிந்து சாகும். ரத்தக்கழிச்சலும் ஈரத் தரையில்தான் பரவும். மார்கழிக் கடைசியில் அடை வைத்தால் தையில் குஞ்சு வெளிவரும். குஞ்சு வாங்க விரும்புபவர்கள் அப்போது சொல்லுங்கள். ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் சொட்டு மருந்து போட்ட பிறகே கைமாற்றுவோம். எட்டாம் வாரத்தில் அதே நோய்க்கான ஊசி போட்டுக்கொள்வது உங்கள் பொறுப்பு. அதற்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு மருந்து கொடுங்கள். புழு இருந்தால் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது.

முட்டையை வாங்கியதும் கழுவாதீர்கள். ஓட்டின் மேல் மெல்லிய இயற்கைப் பூச்சு ஒன்று இருக்கிறது. கழுவினால் அது போய், நுண்துளை வழியே அழுக்கு நீர் உள்ளே இறங்கும். சமைக்கும்போது கழுவினால் போதும். வாத்து முட்டை பெரும்பாலும் விடியற்காலையில் விழும். அதனால் வாத்துகளை எட்டு, எட்டரை வரை அடைத்து வைத்துத்தான் திறக்கிறோம். முன்பே விட்டால் குட்டைச் சேற்றில் இட்டுவிடும். சேறு படிந்ததை உங்களுக்கு அனுப்ப மாட்டோம். வாத்து முட்டையை அரைவேக்காடாக வேண்டாம், நன்றாக வேகவைத்தே உண்ணுங்கள்.

தீபாவளிக் கறி கேட்டிருப்பவர்களுக்குச் சுருக்கமாக. மேச்சேரிச் செம்மறிக் கிடா உயிரோடு 20 கிலோ நின்றால் கறி 9 முதல் 10 கிலோ வரும். ஈரல் 300, 400 கிராம்தான். எல்லாருக்கும் ஈரல் என்றால் முடியாது. முதலில் சொன்னவருக்கு முதலில். மழைக்காலத்தில் பனி காய்ந்து ஒன்பது மணிக்கு மேல்தான் பட்டியைத் திறக்கிறோம். ஈரப் புல் நுனியில் புழுக்குஞ்சுகள் ஏறி நிற்கும், புது இளம்புல்லை வெறும் வயிற்றில் வாரித் தின்றால் துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோயும் வரும். நீலநாக்கு நோய் பரப்பும் சிறு பூச்சிகளுக்காக மாலையில் நொச்சி, வேப்பிலைப் புகை போடுகிறோம். பட்டியில் நோய் தெரிந்தால் முன்பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு அந்த வாரக் கறியை நிறுத்திவிடுவோம். குடற்புழு மருந்து கொடுத்த கிடாவையும் நாள் கணக்கு முடியாமல் அறுக்க மாட்டோம்.

நெய்யில் மட்டும் மழைக்காலம் ஒரு நன்மை செய்கிறது. பசும்புல்லின் மஞ்சள் நிறப்பொருள் பசு நெய்யில் அப்படியே இறங்கும். பால் மெலிந்திருக்கும் இதே மாதங்களில் நெய் நல்ல மஞ்சளாக வரும். எருமை நெய் வெள்ளையாகத்தான் இருக்கும், இரண்டையும் கலப்பதில்லை. ஒரு கிலோ பசு நெய்க்கு 25 முதல் 30 லிட்டர் பால் வேண்டும். அன்றாடப் பால் வீடுகளுக்குக் கொடுத்து மீந்ததில்தான் வெண்ணெய் எடுக்கிறோம்; ஆகவே பலகாரத்துக்கு நெய் வேண்டுவோர் பத்து நாள் முன்பே சொல்லிவிடுங்கள். மார்கழியில் நெய் மணல்மணலாக உறைவது இயல்பு. ஈரக் கரண்டி மட்டும் படக்கூடாது.

கடைசியாக, பாட்டில்கள். குடித்ததும் பச்சைத் தண்ணீரில் அலசி, பிறகு சுடுதண்ணீரில் கழுவுங்கள். முதலிலேயே சுடுதண்ணீர் ஊற்றினால் பால் புரதம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு தேய்த்தாலும் போகாது. மூடியைக் கழற்றி, கவிழ்த்துக் காயவைத்துத் திறந்தபடியே கொடுங்கள். மழை நாளில் வெயில் இல்லாவிட்டால் ஈரத்தோடு மூடிவிடாமல் அப்படியே தாருங்கள். இங்கே மறுபடி ஆவியில் வைத்துத்தான் பால் ஊற்றுகிறோம்.

அன்புடன்,
பண்ணைக் குடும்பத்தார்