நம் இசைத்தட்டுச் சங்கத்தின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் முத்தியால்பேட்டையில் தலைவர் வீட்டு மாடியிலேயே நடந்தன. மழையால் நவம்பர் கூட்டம் மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிட்டால் நல்லது.

இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது மூவிங் காயில் கார்ட்ரிட்ஜ் பற்றித்தான். தட்டின் மேல் ஓடும் ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக்கும் சிறு உறுப்புதான் கார்ட்ரிட்ஜ். வழக்கமான மூவிங் மேக்னட் வகையில் ஊசியோடு காந்தம் அசையும். இதில் மெல்லிய கம்பிச்சுருள் அசைகிறது. சுருளின் எடை குறைவு. தட்டின் நுண்ணிய நெளிவுக்கும் ஊசி உடனே அசைந்து கொடுக்கும். ஆனால் கிடைக்கும் மின்னழுத்தம் மிகக் கொஞ்சம். நம்மிடம் உள்ள டெனான் டிஎல்-103 என்ற காயில் வகை கார்ட்ரிட்ஜ் தருவது 0.3 மில்லிவோல்ட், மேக்னட் வகை 4, 5 கூடத் தரும். அதனால்தான் மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர் தேவைப்படுகிறது.

ஒரு உறுப்பினரின் மைத்துனர் பிரான்ஸிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது கோயெட்சு என்ற விலையுயர்ந்த மூவிங் காயில் கார்ட்ரிட்ஜைக் கொண்டுவந்தார். அன்று ஒரே நாதஸ்வரத் தட்டை அதிலும் நம் 103இலும் மாற்றி மாற்றிக் கேட்டோம். கோயெட்சுவில் தவிலின் வலந்தலையில் விரல்கூடு படும் 'டக்' தனியாகக் கேட்டது. நாதஸ்வரத்தின் கார்வை நீண்டு நின்றது. 103இல் தவிலின் இடப்பக்கமான தொப்பியின் அடி குழைந்து போயிருந்தது. "விலைக்கு ஏற்ற சத்தம்தான்" என்று பலர் முடிவே கட்டிவிட்டார்கள்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. 103 என்பது டெனான், ஜப்பான் வானொலி நிறுவனமான என்எச்கேயுடன் சேர்ந்து 1960களில் உருவாக்கியது. அதன் ஊசித்தண்டு விறைப்பானது. கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை (டோன் ஆர்ம்) கனமாக இருக்க வேண்டும். நாம் மாட்டியிருந்ததோ இலேசான கை. கார்ட்ரிட்ஜ் மாட்டும் கையின் முனையான ஹெட்ஷெல் மேல் சிறு ஈயத்தகடு ஒன்றை ஒட்டி, கையின் பின்னால் உள்ள எதிர் எடையைத் திருகி, ஊசியழுத்தம் 2.5 கிராம் என்று தராசில் பார்த்துவிட்டு மறுபடி வைத்தோம். தொப்பி இறுகிவிட்டது! கோயெட்சு அப்போதும் ஒரு படி மேலேதான். ஆனால் இடைவெளி பாதியாகக் குறைந்ததை எல்லாருமே ஒப்புக்கொண்டார்கள். முதலில் கையும் அழுத்தமும் சரியாகட்டும், அப்புறம் விலையுயர்ந்த கார்ட்ரிட்ஜுக்குப் போகலாம் என்பது என் உறுதியான கருத்து. கார்ட்ரிட்ஜே முதலில் என்று இரு உறுப்பினர்கள் சொன்னதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஒரு வருத்தம். ஆகஸ்டில் தூசு தட்டும்போது துண்டின் நூல் மாட்டி, உறுப்பினர் ஒருவரின் மூவிங் காயில் கார்ட்ரிட்ஜின் ஊசித்தண்டே வளைந்துவிட்டது. மேக்னட் வகையானால் ஊசியை மட்டும் வாங்கிச் செருகிவிடலாம். இதில் முடியாது, முழுதாக அனுப்பி ஊசி பொருத்தி வாங்க வேண்டும். தயவுசெய்து துணி வேண்டாம். சிறு தூரிகையால் பின்னிருந்து முன்னோக்கி மட்டும் துடையுங்கள்.

சங்கத்துக்குப் பொதுவாக ஒரு ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர் வாங்க அனுமதி கேட்டு, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்