சக்கரம் ஏறி இறங்கியது, திரும்பாமல்

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். உன் முதுகுவலி என்ன ஆயிற்று என்று எழுது. டாக்டர் சொன்ன பயிற்சியை ஒரு நாளும் செய்திருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். நெட்டை போனில் பேசினான். உன்னைப் பற்றி ஒரு விஷயம் சொன்னான். அதைக் கடிதத்தில் எழுத முடியாது, நேரில் வைத்துக்கொள்வோம்.

இத்தனை நாள் ஒரு வரிகூட எழுதாமல் இருந்ததற்கு, வீட்டில் நானே செய்துகொண்டிருக்கிற கார்தான் காரணம். இன்றைக்கு உட்கார்ந்து எழுதுவதற்கும் அதே கார்தான் காரணம். நேற்று ராத்திரி முன் வலது சக்கரம் மேலே 50 மி.மீ., கீழே 50 மி.மீ. ஏறி இறங்கியது. அதில் என்னடா அதிசயம் என்பாய். ஏறும்போதும் இறங்கும்போதும் அது எந்தப் பக்கமும் திரும்பவில்லை. அதைச் சொல்ல உன்னை விட்டால் ஆள் கிடையாது. வீட்டில் சொன்னேன், "சரி, சாப்பிட வாங்க" என்று பதில் வந்தது.

"ஸ்ட்ரட்டை வாங்கிப் போட்டோமா, ஓட்டினோமா என்று இல்லாமல் எதற்கு இந்த டபுள் விஷ்போன் வம்பு?" என்று போன தடவை கேட்டாய். அன்றைக்கு வாத்தியார் பக்கத்தில் இருந்ததால் பேசாமல் விட்டேன். இப்போது சொல்கிறேன், கேள். ஸ்ட்ரட் என்றால் ஸ்பிரிங்கும், ஆட்டத்தைத் தணிக்கிற ஷாக்கும் ஒரே தூணாக நிற்கும், கீழே மட்டும் ஒரு ஆர்ம். டபுள் விஷ்போன் என்றால் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஆர்ம் சக்கரத்தைப் பிடிக்கும். ஸ்ட்ரட்டை நான் மட்டமாக நினைக்கவில்லை. 1950-ல் ஃபோர்டு கான்சலில் வந்த அந்த ஏற்பாடு இன்றைக்குச் சின்னக் கார் என்றாலே அதுதான் என்று ஆகிவிட்டது. ஹோண்டா சிவிக்கூட 2000-ல் முன்பக்க டபுள் விஷ்போனை விட்டுவிட்டு ஸ்ட்ரட்டுக்கு மாறியது. உதிரி குறைவு, இடம் மிச்சம், செலவும் மிச்சம். லட்சக்கணக்கில் கார் செய்கிறவனுக்கு ஒரு பால் ஜாயிண்ட், அதாவது உருண்டை மூட்டு, குறைந்தாலே லாபம்தான். ஒரே ஒரு கார் செய்கிற எனக்கு அந்தக் கணக்கு எதற்கு? என் பானெட்டோ ரொம்பத் தாழ்வு, ஸ்ட்ரட் வைத்தால் அதன் தலை வெளியே வந்துவிடும். அதற்கும் மேலே ஒரு காரணம் உண்டு. கார் வளைவில் சாயும்போது டயர் எப்படி நிற்க வேண்டும் என்பதை நானே தீர்மானிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. 1934-ல் சிட்ரோயன் டிராக்‌ஷன் அவான் முன்பக்கத்திலேயே மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் ஓட்டுவதற்கென்றே செய்கிற கார்களில் அதை விடாமல் வைத்திருக்கிறார்கள் என்றால் சும்மாவா?

மேல் ஆர்மும் கீழ் ஆர்மும் ஒரே நீளமாக, இணையாக இருந்தால், கார் 3 டிகிரி சாயும்போது வெளிச் சக்கரமும் கூடவே 3 டிகிரி வெளியே சாயும். டயர் பாவம், ஓரத்தில் நின்றுகொண்டு முழு பாரத்தையும் தாங்கும். மேல் ஆர்மைக் குட்டையாக்கினால் சக்கரம் ஏற ஏற அதன் தலை உள்ளே இழுபடும், சாய்ந்ததில் கொஞ்சம் நிமிரும். கொஞ்சம் என்பதுதான் இதில் விஷயமே. பேராசைப்பட்டு 3 டிகிரியையும் மீட்கப் பார்த்தால், நேர் ரோட்டில் பிரேக் போட்டு மூக்கு அமுங்கும்போது இரண்டு முன் சக்கரமும் உள்ளே சாய்ந்து பிடிப்பு போய்விடும். அதனால் பாதியை மீட்டால் போதும் என்று வைத்துக்கொண்டேன். என் காரில் சக்கரத்துக்குச் சக்கரம் 1400 மி.மீ. 3 டிகிரி சாய்ந்தால் வெளிச் சக்கரம் சுமார் 37 மி.மீ. ஏறும். இரண்டு ஆர்மின் கோட்டையும் உள்பக்கம் நீட்டினால் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும் அல்லவா, அந்தப் புள்ளியை டயரிலிருந்து 1500 மி.மீ. தள்ளி வைத்தேன். 37 மி.மீ.க்கு 1.4 டிகிரி திரும்பக் கிடைக்கிறது. நிற்கும்போதே 1 டிகிரி உள்ளே சாய்த்துவிட்டால் வளைவில் மிஞ்சுவது அரை டிகிரி சொச்சம். டயர் ஏறக்குறைய முழு அகலமும் படிந்து நிற்கும். அதே புள்ளியிலிருந்து டயர் தரையைத் தொடும் இடத்துக்குக் கோடு இழுத்தால், காரின் நடுக்கோட்டை 60 மி.மீ. உயரத்தில் வெட்டுகிறது. கார் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர் என்பது அதுதான். அதை இன்னும் தூக்கி வைத்தால் கார் சாய்வது குறையும், ஆனால் வளைவில் வண்டியே மேலே எம்பும். தாழ்வாகவே இருக்கட்டும் என்று விட்டேன்.

கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை என்று நீ பெருமை பேசுவாய். கம்ப்யூட்டரிலும் போட்டேன். ஆனால் கைக்குப் புரிந்தது அட்டையில்தான். கெட்டி அட்டையில் நிஜ அளவுக்கு இரண்டு ஆர்ம், அவற்றின் வெளி முனைகளைச் சேர்த்துச் சக்கரத்தைத் தாங்குகிற நக்கிள் ஒன்று வெட்டி, பலகையில் குண்டூசி குத்தி, சக்கரத்தின் நடுவில் ஒரு பென்சில் முனையைச் செருகி ஏற்றி இறக்கிப் பார். குண்டூசியை 5 மி.மீ. நகர்த்தினாலே பென்சில் போடுகிற வளைவு மாறுவது கண்ணுக்குத் தெரியும். என் மகன் அதை வைத்து விளையாடியே மேல் ஆர்ம் குட்டையாக இருப்பதன் காரணத்தைத் தானாகக் கண்டுபிடித்துவிட்டான். உன் மருமகனாயிற்றே என்று பெருமைப்பட்டுக்கொள், ஆனால் மூளை என் பக்கம்.

இனி நேற்று நடந்ததற்கு வருகிறேன். சக்கரம் ஏறி இறங்கும்போது ஆர்ம்கள் ஒரு வளைவில் போகின்றன, சக்கரத்தைத் திருப்புகிற ஸ்டியரிங் கம்பியான டை ராட் தன் வளைவில் போகிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் நீ ஸ்டியரிங்கைத் தொடாமலே ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் சக்கரம் தானாகத் திரும்பும். பம்ப் ஸ்டியர் என்பார்கள். பழைய பச்சை வண்டி ஞாபகம் இருக்கிறதா? நீ ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டு அந்த இறக்கத்தில் வந்தாயே, அதேதான். இது வராமல் இருக்க டை ராடின் உள் முனை, ஆர்ம்களின் உள் பிடிப்புகளைச் சேர்க்கிற கோட்டில் வர வேண்டும். வெளி முனை இரண்டு பால் ஜாயிண்டையும் சேர்க்கிற கோட்டில் வர வேண்டும். டை ராடை நீட்டினால் அதுவும் அந்த வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் போக வேண்டும். டை ராடுகளை இடமும் வலமும் நகர்த்துகிற ஸ்டியரிங் ரேக்கின் நீளத்தை நான் மாற்ற முடியாது, நக்கிளும் ஒரு பழைய காருடையது, அதையும் மாற்ற முடியாது. ஆகவே ரேக்கை முதலில் மேஜையில் வைத்துவிட்டு, ஆர்ம்கள் சேஸியில் எங்கே பிடிக்க வேண்டும் என்பதை அதைப் பார்த்து முடிவு செய்தேன். வீட்டில் இதைச் செய்யக் கிளம்புகிற எவனுக்கும் நான் முதலில் சொல்லப்போவது இதைத்தான்: சேஸியில் ஒரு பிராக்கெட் ஒட்டுவதற்கு முன்னால் ரேக்கும் நக்கிளும் கையில் இருக்கட்டும்.

சோதனை எளிது. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ரேக்கை நடுவில் பூட்டி, சக்கரம் மாட்டுகிற ஹப்பில் தட்டையான ஒரு தகடு போல்ட் செய்து, தகட்டின் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று, நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டுகிற டயல் கேஜ் இரண்டு. கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக்கி. 10 மி.மீ. ஏற்றுவது, இரண்டு முள்ளையும் படிப்பது, மறுபடி ஏற்றுவது. இரண்டு முள்ளும் சேர்ந்தே நகர்ந்தால் பயமில்லை, வித்தியாசம்தான் எதிரி. மேலே போகும்போது ஒரு பக்கமும் கீழே போகும்போது மறுபக்கமும் திரும்பினால் ரேக்கின் உயரம் சரியில்லை. மேலே போனாலும் கீழே போனாலும் ஒரே பக்கம் திரும்பினால் டை ராடின் நீளம் சரியில்லை. கோளாறு எங்கே என்று அதுவே சொல்லிவிடுகிறது, பார். ரேக்குக்கு அடியில் மெல்லிய தகடு வைத்து வைத்து உயரம் பிடித்தேன். கடைசியில் 300 மி.மீ. தகட்டில், முழு ஏற்றத்திலும் முழு இறக்கத்திலும், வித்தியாசம் 0.2 மி.மீ. டிகிரியில் பார்த்தால் 0.04. ஜாக்கியை இறக்கிவிட்டு மறுபடி ஏற்றிப் பார்த்தேன். அதே 0.2.

ஸ்பிரிங் கணக்கு உனக்குப் போரடிக்கும், சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு முன் சக்கரத்தின் மேல் ஆளோடு சேர்த்து 175 கிலோ, அதில் சக்கரம் பிரேக் எல்லாம் 30 கிலோ போனால் ஸ்பிரிங் தாங்குவது 145 கிலோ. நொடிக்கு 1.6 தடவை ஆடுகிற மாதிரி வேண்டும் என்றால் சக்கரத்தில் மில்லிமீட்டருக்கு 14.7 நியூட்டன். சக்கரம் 1 மி.மீ. ஏறினால் ஷாக் 0.65 மி.மீ.தான் அமுங்குகிறது, அந்த 0.65-ஐ வர்க்கப்படுத்தி வகுக்க வேண்டும். ஆக மில்லிமீட்டருக்கு 35 நியூட்டன் ஸ்பிரிங் வாங்க வேண்டும். கடைக்காரர் "இது ரொம்ப ஹார்டு சார்" என்று சாதித்தார். ஸ்பிரிங்கைத் தனியாகப் பார்த்து ஹார்டு சாஃப்டு என்று சொல்கிறவர்களோடு எனக்கு வாதாடி அலுத்துவிட்டது. ஷாக் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று கேட்காமல் அதைச் சொல்லவே முடியாது.

மாப்ளே, இனி எழுதுவதைப் பொறுமையாகப் படி.

என் நக்கிளில் கீழ் பால் ஜாயிண்ட் தரையிலிருந்து 200 மி.மீ., மேல் பால் ஜாயிண்ட் 450 மி.மீ. விசை வருவது தரையில், டயரில். இரண்டு ஜாயிண்டும் அதற்கு மேலே இருப்பதால் கீழ் ஜாயிண்ட் டயரின் விசையைப்போல 1.8 மடங்கு தாங்க வேண்டும், மேல் ஜாயிண்ட் 0.8 மடங்கை எதிர்த்திசையில் தாங்க வேண்டும். அவசரத்தில் முழு பிரேக் போட்டால் ஒரு முன் டயரில் ஏறக்குறைய 240 கிலோ விசை வரும். கீழ் ஆர்மைப் பின்னால் பிடித்துத் தள்ளுவது 430 கிலோவுக்கு மேல். பள்ளத்தில் விழுந்தால் மூன்று மடங்கு பாரம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன்: ஷாக் கீழ் ஆர்மை அழுத்துவது 800 கிலோ. அதனால்தான் ஷாக்கின் பிராக்கெட்டை பால் ஜாயிண்டுக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைத்தேன். அதனால்தான் கீழே நக்கிளோடு வந்த கம்பெனி பால் ஜாயிண்டையே வைத்தேன். மரைத் தண்டோடு வருகிற மூட்டான ராட் எண்டைக் கீழ் ஆர்மின் வெளி முனையில் வைத்து, கார் பாரத்தையெல்லாம் அந்த மரையின் மேல் வளைவு விசையாக ஏற்றுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். மரையின் பள்ளத்தில்தான் விரிசல் ஆரம்பிக்கும். போல்ட் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் தகடு பிடிக்கிற மாதிரி போட்டிருக்கிறேன், தகட்டுக்குள் மரை இல்லாத தண்டுதான் உட்காருகிறது.

குழாய் தையலில்லாத ஸ்டீல், 25 மி.மீ., 3 மி.மீ. கனம். இழுவைக்கும் அமுக்கத்துக்கும் அது தாராளமாகப் போதும், கணக்கு மூன்று தடவை சரிபார்த்தாயிற்று. அளவு மாறாமல் பிடித்துக்கொள்கிற சட்டமான ஜிக்கில் இறுக்கி, இரண்டு புஷ் குழாய்க்குள்ளும் ஒரே நீளக் கம்பியைச் செருகி வைத்துத்தான் டிக் வெல்டிங் செய்தேன். ஒரு பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம், முழுக்க ஆறும்வரை ஜிக்கிலேயே விட்டேன். ஆறிய பிறகு கம்பியை விரலால் இழுத்தேன், வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. கோணவில்லை என்று அர்த்தம்.

ஆனால் கோணாதது வேறு, ஒட்டியது வேறு. வெல்டு வெளியே அழகாகத்தான் இருக்கிறது. உள்ளே குழாயின் சுவரோடு உருகிச் சேர்ந்ததா என்பது வெளி அழகில் தெரியாது, அதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். அதே குழாய், அதே கரண்ட், அதே கையால் மாதிரித் துண்டுகள் வெல்டு செய்து, குறுக்கே அறுத்து மெருகு போட்டு வைத்திருக்கிறேன். நீ வந்து ஆசிட் தடவி, வேர்வரை உருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆர்ம்களுக்கு, விரிசலைக் காட்டிக்கொடுக்கிற உன் சிவப்புச் சாயச் சோதனை வேண்டும். ஒவ்வொரு வெல்டும், அதன் ஓரமும், முக்கியமாக ஷாக் பிராக்கெட்டின் இரண்டு நுனியும்.

பையன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போக நாள் எண்ணிக்கொண்டிருக்கிறான். ஸ்பிரிங் தப்பாகப் போனால் மாற்றிக்கொள்ளலாம், சக்கரத்தின் சாய்வான கேம்பர் அரை டிகிரி போனால் டயர் தேயும், அவ்வளவுதான். கீழ் ஆர்ம் பிரேக்கில் விட்டுப்போனால் சக்கரம் மடிந்து உள்ளே போகும், ஸ்டியரிங்கும் இருக்காது. உன் கண் பார்த்துச் சரி என்று சொல்லாமல் அவனை அதில் ஏற்றமாட்டேன். நானும் தெருமுனையைத் தாண்டமாட்டேன். வேறு யாரையாவது கூப்பிடலாம், ஆனால் அவர்கள் என் முகத்துக்காக நல்லா இருக்கு என்பார்கள். நீ சொல்லமாட்டாய். நல்லா இல்லை என்றால் அறுத்துப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்வேன், ஜிக் அப்படியே இருக்கிறது.

ஆர்ம் எதற்கும் இன்னும் பெயிண்ட் அடிக்கவில்லை, சாயம் விரிசலுக்குள் இறங்க வேண்டுமே. துரு பிடிக்காமல் எண்ணெய் பூசித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், வந்ததும் துடைத்துச் சுத்தமாகத் தருகிறேன். அந்தச் சோதனை டப்பா மூன்றையும், பூதக் கண்ணாடியையும் மறக்காமல் எடுத்து வா. முதுகு ஒத்துழைக்காது, பயணம் முடியாது என்றால் கூச்சப்படாமல் சொல், நாலு ஆர்மையும் மூட்டை கட்டிக்கொண்டு நானே வருகிறேன். எப்படியானாலும் என்றைக்கு என்று உடனே பதில் போடு. நெட்டையிடம் மட்டும் சொல்லிவிடாதே, அவன் முதல் ஆளாக ஓட்டிப் பார்க்க வந்து நிற்பான்.

அன்புடன்,
உன் மாப்ளே